வாக்குறுதியும் கடப்பாடும்

ஒருவர் அளித்த வாக்கு அவரை மட்டுமே கட்டுப்படுத்துமா?

1761 யூலை இறுதியில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பனியின் 'லூத்தில்' என்னும் கப்பல், மடகஸ்காருக்குக் கிழக்கேயுள்ள சிறு மணல்தீவொன்றில் மோதிச் சிதைந்தது. தடையை மீறி அதில் ஏற்றப்பட்டிருந்த மலகாசி அடிமைகளிற் பலர் கீழ்த்தளத்திலேயே மாண்டனர். உயிர்பிழைத்த அடிமைகளும் மாலுமிகளும் சேர்ந்து சிதைவுகளைக் கொண்டு படகொன்றை அமைத்தனர். இரு மாதங்களில் மாலுமிகள் அனைவரும் அதிலேறிச் சென்றனர். மீட்க வருவோம் என்ற வாக்கு மட்டுமே ஏனையோருக்கு எஞ்சியது.

வாக்களித்த அதிகாரி கஸ்ரெலன் அதனை மறந்தாரல்லர். கப்பல் அனுப்புமாறு பலமுறை வேண்டினார். இன்று மொறீசியஸ் எனப்படும் தீவின் ஆளுநரோ, தமது தடையை மீறி ஏற்றப்பட்டோர் என்பதனால் மறுத்தார். 1776 நவம்பரில் துரோம்லன் என்னும் கடற்படை அதிகாரி மீட்டவர்கள் 7 பெண்களும் ஒரு கைக்குழந்தையுமே. அவர்கள் பவளக்கல்லாற் குடில் அமைத்ததையும், செப்புப் பாத்திரங்களை மீண்டும் மீண்டும் செப்பனிட்டதையும் 2006இல் தொடங்கிய அகழாய்வுகள் காட்டின.

ஆளுநர் வாக்களிக்கவில்லையே எனலாம். ஆயின் விதியை மீறியோர் கரைசேர, மீறலுக்கு இரையானோரே தண்டனை பெற்றனர். அடிமைகளின் உழைப்பாலும் உருவான படகில் ஏறிய ஒவ்வொருவரும் அவ்வாக்கின் கடனாளிகளே. அவர்களை வரவேற்ற அரசும் அக்கடனையும் சேர்த்தே ஏற்றது. ஒருவரின் மனச்சாட்சி விழித்திருந்தமை ஏனையோரை விடுவிக்காது.