மணியின் நாவைக் கட்டலாமா?

ஆயுத பூஜையன்று நெய்வேலி போன்ற தொழில் நகரங்களில் ஸ்பேனருக்கும் மின் பேனலுக்கும் சந்தனப் பொட்டு ஏறுகிறது. பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடிக்கிறோம். கும்பிட்ட கருவிக்கு மறுநாள் முதல் நாம் பட்ட கடன் என்ன என்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. கருவி ‘நிறுத்து’ என்று சொல்லும்போது அதைச் சொல்லவிடுவதே அதற்குரிய வழிபாடு என்பது என் வாதம். ஜெனரேட்டர் செட்டின் ரிலேயைப் பழுது பார்க்கும் வேலையில் இந்தக் கடன் துலக்கமாகத் தெரிகிறது.

1962-ல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது முதல் நெய்வேலி பல ஊர்களுக்கு வெளிச்சம் தந்துவருகிறது. ஆனால் மின் நிலையமே இருட்டில் நிற்க நேரும் தருணங்களும் உண்டு. கிரிட்டும் அலகும் ஒருசேர விழுந்துவிட்டால், சூடேறிய டர்பைன் தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் தண்டு வளைந்துவிடும். பேரிங்குகளுக்கு எண்ணெய் தடையின்றிப் போக வேண்டும். அனல் மின் நிலையங்களில் அவசரகால டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பது இப்படிப்பட்ட வேளைக்குத்தான். மின்சாரம் போனதைக் கண்டு எஞ்சினைக் கிளப்புவது ஒரு ரிலே. எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ, சூடு ஏறினாலோ, வேகம் மிஞ்சினாலோ எஞ்சினை நிறுத்துபவை வேறு சில. ரிலேயின் காயிலில் சிறு மின்னோட்டம் பாய்ந்ததும் ஒரு தகடு இழுபடும், இரண்டு கான்டாக்ட் முனைகள் ஒன்றையொன்று தொடும். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொடுகைக்காக அது மாதக்கணக்கில் சும்மா காத்திருக்க வேண்டியிருக்கிறது.

செட் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. காயிலின் மின்தடையை அளந்து, அதிர்வில் தளர்ந்த டெர்மினலை முறுக்கி, கறுத்த கான்டாக்டைப் பக்குவமாகத் துடைத்து, ரிலே சொன்னது மெய்யா பொய்யா என்று தேடுவது முதல் வழி. உப்புத்தாளால் தேய்த்தாலும் அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் மேல்பூச்சான வெள்ளி உரிந்துபோய், சீக்கிரமே மறுபடி கறுக்கும். இரண்டாவது வழி, ஒரு துண்டு ஒயரை ஜம்பராகப் போட்டு ரிலேயை பைபாஸ் செய்வது. இரண்டு வழியிலும் எஞ்சின் ஓடும். இரண்டாவது வழியில், எண்ணெய் வற்றினாலும் ஓடும்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் நடராசர் கோயிலில் ஆராய்ச்சி மணியும் முறைப்பெட்டியும் இருக்கின்றன. குறையுள்ளவர்கள் மனு எழுதிப் பெட்டியில் போட்டு, மணியை அடிக்கிறார்கள். கன்றை இழந்த பசுவும் அடிக்கும்படி மணியைக் கட்டிவைத்த திருவாரூர் மனுநீதிச் சோழனின் மரபு அது. தன் பிள்ளைக்கு எதிராகவே ஒலிக்கக்கூடிய மணியை அரண்மனை வாசலில் தொங்கவிட்டதால்தான் அவன் நீதிமான். ஜம்பர் போடுவது அந்த மணியின் நாவைக் கட்டுவது போன்றது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்தபோது, தொட்டியின் குளிரூட்டி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. ஆபத்து வரப்போகிறது என்று 1982-லேயே எழுதிய பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானியின் குரலையும் கேட்பாரில்லை. காவல்கள் ஒவ்வொன்றாக விலகியதை ஊர் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

இரும்புக்கும் செம்புக்கும் அறிவேது, அதைக் கும்பிடுவதும் அதன் சொல்லைக் கேட்பதும் மூடநம்பிக்கை அல்லவா என்று கேட்கலாம். சடம் தானாக எதையும் அறியாது என்பது இந்த மண்ணின் சைவ சித்தாந்தத்துக்கும் உடன்பாடுதான். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர் இங்கிருந்து வெகுதூரமில்லை. ஆகவே வணக்கம் உலோகத்துக்கு அல்ல. பேனலைத் திறந்தே பார்க்காத எத்தனையோ பேர் அதை நம்பி எஞ்சின் பக்கத்தில் நிற்கிறார்களே, அந்த நம்பிக்கைக்கு. 2020 ஜூலை 1-ஆம் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் பாய்லர் விபத்தில் தொழிலாளர்களைப் பறிகொடுத்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு பொறியாளர்களிடமிருந்தே வரும். தீயணைப்பு பம்பை ஓட்டும் டீசல் எஞ்சின், எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் நிற்காதபடிதான் அமைக்கப்படுகிறது. கட்டடம் எரியும்போது எஞ்சினைக் காப்பதில் அர்த்தமில்லை. அப்படியானால் பைபாஸ் எப்படிப் பாவமாகும்? வேறுபாடு இருக்கிறது. அங்கே எதை இழந்து எதைக் காப்பது என்று நிதானமாக யோசித்து, முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். நிறுத்தும் அதிகாரத்தைத்தான் எடுத்தார்கள், அலாரத்தை விட்டுவைத்தார்கள். வேகம் மிஞ்சினால் நிறுத்தும் காவலும் அப்படியே இருக்கிறது. நள்ளிரவில் யாருக்கும் சொல்லாமல் போடும் ஜம்பரில் யோசனையும் இல்லை, ஒலியும் இல்லை. பொய்யாக அடிக்கும் மணியால் உற்பத்தி கெடுகிறது என்ற குறையும் நியாயமானதே. ஆனால் பொய்யைப் பொய் என்று கண்டறிந்த பிறகே அதைத் திருத்த முடியும். வாயை அடைத்துவிட்டால் மெய்யும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே பூஜையை விடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு சடங்கைக் கூட்டச் சொல்கிறேன். பொட்டு வைக்குமுன் பேனலைத் திறந்து, எந்த ரிலே பைபாஸில் இருக்கிறது, யார் போட்டது, எதற்காக, எப்போது எடுக்கப்படும் என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும். கையெழுத்துப் போட மனம் துணியாத ஜம்பரை உடனே எடுத்துவிட வேண்டும்.