வினையும் ரத்தமும்

ரேணிகுண்டா ஜங்ஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் திருமலைக்குப் போகிறவர்கள். ராகு கேது பரிகாரத்துக்காகக் காளஹஸ்திக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த ஸ்டேஷனில்தான் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஊர் உலகமெல்லாம் பாவம் தீர்க்க வருகிற இடத்தில் குடியிருக்கிறேன், என் தம்பி மனச்சிதைவு நோயாளி. அதனால் ஒரு கேள்வியை என்னால் ஒதுக்கி வைக்க முடிந்ததே இல்லை. பரம்பரையில் வருகிற நோய் யாருடைய வினை?

டிப்ளமோ முடித்த வருஷம் அவனுக்குத் தொடங்கியது. சுற்றுகிற ஃபேனுக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகச் சொல்வான். மே மாதத்து வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பான். சோற்றைப் பிசைவான், முகர்ந்து பார்ப்பான், தட்டைத் தள்ளிவிடுவான். முதல் வாயை அம்மா சாப்பிட்டுக் காட்டினால்தான் அவன் கை தட்டுக்குப் போகும். தெருவில் "வாள்ளிண்ட்லோ பிச்சி உந்தி" (அவர்கள் வீட்டில் பைத்தியம் இருக்கிறது) என்று தெலுங்கில் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் தமிழில் அதைவிட மோசமாகப் பேசினார்கள். அவன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாளாம் அம்மா. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை அப்பா வழியில் யாரோ செலுத்தவில்லையாம்.

தாய்மீது பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், இந்த நோயை உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையைச் சொன்னார். படித்தவர்கள் பல வருஷம் அதை நம்பினார்கள். 1966-இல் லியோனார்ட் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வு அந்தப் பழியை அசைத்தது. மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிப் பார்த்தார். அவர்களில் 5 பேருக்கு அந்த நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆக, தாயின் வளர்ப்பால்தான் நோய் வருகிறது என்ற பேச்சு நிற்கவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சமாதானமாகவில்லை. "அப்போ என் ரத்தம்தானே அவனுக்கு இப்படிப் பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். இந்த நோயில் ஜீன்களின் பங்கு மிகப் பெரியது. பொதுவாக நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது, பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் பத்துப்பேரில் ஒருவர் என்ற அளவை நெருங்குகிறது. ஆனால் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. ஜீன் மட்டுமே தலையெழுத்து என்றால் அது நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டாமா? கர்ப்பகாலத்துப் பட்டினி, பிரசவச் சிக்கல், இளவயதில் கஞ்சா என்று மற்ற காரணங்களும் சேர்கின்றன.

கெட்ட ஜீன் என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைப்பதும் தவறு. 2022-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புடைய இடங்களை மரபணுத் தொகுதியில் 287 என்று காட்டியது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில், டாக்டர் தாராவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் தமிழ்க் குடும்பங்களின் ரத்தத்தில் தேடினார்கள். நயாசின் என்ற வைட்டமினை உடம்பு பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு ஜீனை 2019-இல் சுட்டினார்கள். இப்படிப்பட்ட சின்னச் சின்ன மாறுபாடுகள் பெரும்பாலும் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவை. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சேரும் என்பது குலுக்குச் சீட்டு. சீட்டு விழுந்ததற்கு அம்மா என்ன குற்றவாளி?

இனி வினைக்கு வருகிறேன். நான் பெருமாளை நம்புகிறவள். எனக்குத் தெரிந்தவரை நம் சாஸ்திரம் சொல்லும் வினை உயிரைப் பற்றியது. அவரவர் செய்தது அவரவரைத்தான் சேரும். சரணாகதி செய்தவனின் சேர்த்துவைத்த வினை அழிந்துவிடும் என்பது ராமானுஜர் வழிவந்தவர்களின் உறுதி. தம்பி அனுபவிப்பது அவனுடைய பிராரப்தம், அதாவது பலன் தரத் தொடங்கிவிட்ட பழைய வினை என்று ஒருவர் வாதாடினால் என்னால் மறுத்து நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கும் அவனோடு முடிகிறது. என் தங்கை மகளுக்கு அதில் பாத்தியதை எங்கிருந்து வந்தது? ஜீன் ரத்தத்தில் இறங்கும், அதில் குற்றம் கிடையாது. வினையில் குற்றம் உண்டு, அது ரத்தத்தில் இறங்காது. ஊர் வினையிலிருந்து குற்றத்தையும் ஜீனிலிருந்து ரத்தத்தையும் எடுத்துச் சேர்த்து, குடும்பசாபம் என்று பெயர் வைத்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய பாவமாகத் தெரிகிறது.

தங்கை மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று தாய்மாமனைக் காரணம் காட்டி நின்றது. மாமனுக்கு இந்த நோய் இருந்தால் மருமகளுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் மூன்று, நான்குதான். மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கணக்கைக் கேட்கவில்லை, தோஷம் என்றார்கள். சர்க்கரை வியாதியும் பரம்பரையில் வருகிறது. அதற்காக யாரும் ஜாதகத்தைத் திருப்பித் தருவதில்லை.

தம்பி இன்று மாத்திரை சாப்பிடுகிறான். உடம்பு பெருத்திருக்கிறது, கை லேசாக நடுங்குகிறது. ஆனாலும் ஃபேன் ஓடுகிற அறையில் தூங்குகிறான். உங்கள் வீட்டுப் பிள்ளை காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால் காளஹஸ்திக்கும் போங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதே வாரத்தில் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.