குழந்தைப் போசாக்கின்மையும் நீதியும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பசிப்பிணி தீர்த்தலைத் தலையாய அறமெனக் கொண்ட மரபு தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி ஏந்தி வந்தோர்க்கெல்லாம் உணவளித்தது; ஏற்போரின் குலமோ ஊரோ அதற்குத் தடையாக நிற்கவில்லை. எனினும், இவ்வறம் ஒரு நிபந்தனையைத் தன்னுள் கொண்டுள்ளது. பசித்தவர் தம் பசியை அறிந்து, அதனைத் தீர்க்க வல்லார் முன் வந்து நிற்றல் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் போசாக்கின்மை அவ்வாறு வந்து நிற்பதில்லை. வயிறு ஓரளவு நிரம்பிய குழந்தையும் வளர்ச்சி குன்றலாம். தாயும் அதனை உணராதிருக்கலாம். கேளாதவர்க்குச் சமூகம் கடன்பட்டுள்ளதா, உளதாயின் அக்கடனின் அளவு யாது என்பதே இங்கு எழும் ஒழுக்கவியல் வினாவாகும்.

போசாக்கின்மையை மருத்துவர் மூன்று வகையாக அளப்பர். வயதுக்கேற்ற உயரமின்மை வளர்ச்சி குன்றல் எனப்படும். அது நெடுங்காலக் குறைபாட்டின் அடையாளம். உயரத்துக்கேற்ற நிறையின்மை மெலிவு எனப்படும்; அது அண்மைக்கால உணவுக் குறைவையோ நோயையோ காட்டும். வயதுக்கேற்ற நிறையின்மை இவ்விரண்டின் கலப்பாகும். இலங்கையில் 2016ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 17.3 சதவீதத்தினர் வளர்ச்சி குன்றியும், 15.1 சதவீதத்தினர் மெலிந்தும், 20.5 சதவீதத்தினர் நிறை குறைந்தும் காணப்பட்டனர். நாட்டைப் பொதுவாக நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரிப்பது இலங்கையின் வழக்கம். நகரக் குழந்தைகளிடையே வளர்ச்சி குன்றல் தேசிய சராசரிக்குக் கீழேயும், கிராமத்தில் ஏறத்தாழ அச்சராசரியை ஒட்டியும் அமைய, தோட்டத்துறையிலோ அது 31.7 சதவீதமாக இருந்தது. 2006–07இல் அங்கு இது ஏறத்தாழ 40 சதவீதமாக இருந்தமையால் முன்னேற்றம் இல்லை எனக் கூறவியலாது. ஆயின் இடைவெளி மறையவுமில்லை.

இவ்விடத்திற் சராசரி என்னும் கருத்து ஆராயத்தக்கது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்துறையினர் நாட்டின் சனத்தொகையில் 4.4 சதவீதத்தினரே. குழந்தைகளிலும் அவர்தம் பங்கு ஏறத்தாழ இவ்வளவே எனக் கொள்வோமாயின், தோட்டத்துறையில் வளர்ச்சி குன்றல் முற்றாக ஒழிக்கப்பட்டாலும் தேசிய சராசரி ஒன்றரைப் புள்ளியளவுதானும் குறையாது. மொத்த நன்மையைப் பெருக்குவதே அறம் எனக் கொள்ளும் பயன்வழிக் கொள்கையினர், குறைந்த செலவிற் கூடிய தொகையினரை அடையக்கூடிய இடத்தையே முதலில் நாடுவர். ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு இதனை மறுக்கின்றது. தான் எங்குப் பிறப்பேன் என்பதை அறியாத ஒருவர் சமூக ஒழுங்கைத் தெரிவு செய்வதாயின், மிகவும் பின்தங்கியோரின் நிலையையே அவர் முதலிற் கருதுவார் என்பது அவர் வாதம். முதியவரைப் பொறுத்தவரை இது ஒரு கற்பனைச் சோதனை. குழந்தையைப் பொறுத்தவரையோ கற்பனையன்று. லயன் அறையிற் பிறப்பதற்கோ கொழும்பு மாளிகையிற் பிறப்பதற்கோ எக்குழந்தையும் யாதொன்றும் செய்ததில்லை.

இதற்கு எதிராக இரு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, சில மக்கள் இயல்பிலேயே குட்டையானவர் என்பது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்னும் பொருளியலாளர், உடல் சிறுத்தும் நலமாக வாழ்வோர் பலர் உளர் என வாதித்தார். இந்தியப் போசணை அறிஞர் சி. கோபாலன் அதனைக் கடுமையாக மறுத்தார். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமங்கள் இவ்விவாதத்திற்குத் தெளிவு தந்தன. தாய்ப்பாலும் நல்லுணவும் சுகாதாரமும் கிட்டுமாயின், இவ்வாறு நாடுகளிலும் இளங்குழந்தைகள் பெரிதும் ஒரே வகையாக வளர்கின்றனர் என்பது அதனாற் புலனாயிற்று. எனவே இயல்பு எனச் சொல்லப்பட்டதிற் பெரும்பகுதி வறுமையின் தழும்பேயாகும்.

இரண்டாவது நியாயம் தாயின் அறியாமை என்பது. இது பகுதி உண்மையே. ஆயின் அறிவு மட்டும் குழந்தையை ஊட்டாது. அதற்கு நேரமும் வேண்டும். காலையிற் பிள்ளைக் காம்பராவிற் குழந்தையை விட்டுச் சென்று, மலைச்சரிவிற் கொழுந்து பறித்து, நிறுவை குறைந்தால் அன்றைய கூலியும் குறையும் நிலையிலுள்ள தாய்க்கு, குழந்தைக்குப் பன்முறை சிறுகச் சிறுக ஊட்டுக என அறிவுரை கூறுதல் எளிது. அதனைக் கடைப்பிடித்தல் அரிது. நெருக்கமான லயன் அறை, தூய நீரின்மை, அடிக்கடி வரும் வயிற்றோட்டம் ஆகியன உண்டதையும் உடலிற் சேரவிடா. காயசண்டிகை எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீயாற் துன்புற்றாள். அவளுக்கு அது சாபத்தால் வந்தது, இக்குழந்தைகளுக்கோ சூழலால் வருகின்றது. மேலும், குழந்தைப் பருவத்தில் வளர்ச்சி குன்றிய பெண் தாயாகுங்கால் நிறை குறைந்த மகவைப் பெறும் வாய்ப்பு மிகுதி. 1948இற் குடியுரிமை இழந்து, அப்பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முடிவு கண்ட ஒரு சமூகத்தில், பாட்டியின் வறுமை பேரப்பிள்ளையின் உயரத்தில் எழுதப்பட்டிருத்தல் வியப்பன்று. இவ்வரலாற்றின் சுமையைத் தாய் ஒருத்தியின் மீது ஏற்றுதல் நீதியாகாது.

அங்ஙனமாயின் எல்லார்க்கும் சமமாகப் பகிர்தல் போதுமா? 1970களில் தொடங்கப்பட்ட திரிபோஷாத் திட்டம் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் பெருந்துணை புரிந்துள்ளது. எனினும் ஒரே அளவான மா, தூய நீருள்ள வீட்டிலும் அஃதில்லாத வீட்டிலும் ஒரே பயனைத் தராது. 1979இல் ஆற்றிய உரையொன்றில் அமர்த்தியா சென் எழுப்பிய ‘எதிற் சமத்துவம்?’ என்னும் வினா இதனையே சுட்டுகின்றது. பொருளைச் சமமாக வழங்குவது மட்டும் சமத்துவமன்று. அப்பொருளால் மனிதர் எதனைச் செய்யவும் எவ்வாறு இருக்கவும் இயலும் என்பதே கருதத்தக்கது.

இதனால் ஏனைய துறைகளைப் புறக்கணிக்கலாம் என்பது பெறப்படவில்லை. மெலிவு தோட்டத்துறைக்கே சிறப்பாக உரியதன்று. கிராமக் குழந்தைகளிடமும் அது குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. நகரத்தின் நல்ல சராசரியின் பின்னே சேரிக் குடியிருப்புகளின் குழந்தைகள் மறைந்து நிற்கின்றனர். காணி உடையோர்க்கு ஓரளவேனும் தோட்டத்துக் கீரை கிட்டும். நகர வறியோர்க்கோ யாவும் விலைக்கே. 2022 செப்டெம்பரில் உணவு விலையேற்றம் ஆண்டுக்கு 90 சதவீதத்தைத் தாண்டியபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. ஆகவே நகரமா கிராமமா என்னும் போட்டி பொருத்தமற்றது. எவ்விடத்தில் எக்காரணத்தால் குழந்தை குன்றுகின்றது என்று கண்டு, அக்காரணத்தை நீக்குவதே நீதி.

கருவுற்றது முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாள்களிலேயே வளர்ச்சிக் குறைபாட்டின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகின்றது. பின்னர் அதனை ஈடுசெய்தல் கடினம். முதியவர்க்குரிய நீதி தாமதித்தால் இழப்பீடாவது வழங்கலாம். இக்குழந்தைக்கு வழங்கத்தக்க இழப்பீடு யாதுமில்லை. நாளை ஈவேன் எனும் அறம் ஏனையோர்க்குப் பொருந்தலாம். வளரும் என்புக்கும் மூளைக்கும் அது பொருந்தாது. கேளாத கடனாயினும் கடன் கடனே. அதற்குத் தவணையும் இல்லை.