கூண்டிலே ஓர் அமானிதம்

மலைவாசத் தலம் ஒன்றுக்குச் செல்லும் சாலையில், ஏற்றம் தொடங்குமிடத்திற்குச் சற்று முன்பாக ஒரு தேநீர்க்கடை உண்டு. கடையை ஒட்டித் தகரக் கூரையின் கீழ் வரிசையாகச் சில கம்பிக் கூண்டுகள். வாயிலில் 'பறவைக் காட்சி' என்றொரு பலகை. சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அவ்வழியே போன நாம், பிள்ளைகளின் வற்புறுத்தலால் அங்கே இறங்கினோம். தலைக்கு 20 ரூபாய் வீதம் ஐவருக்கு 100 ரூபாய் கொடுத்து உள்ளே சென்றோம்.

கடைசிக் கூண்டில் நீலமும் மஞ்சளுமாக ஒரு பஞ்சவர்ணக்கிளி. இருந்தது என்பதைவிட எஞ்சியிருந்தது என்பதே பொருந்தும். மார்பிலும் இறக்கையடியிலும் இறகே இல்லை. வெறும் தோல் தெரிந்தது. தலையின் இறகுகள் மட்டும் ஒன்றும் குறையாமல் பளபளத்தன. நீர்க் கிண்ணத்தில் பாசி படர்ந்திருந்தது. தட்டில் சூரியகாந்தி விதைகளின் வெறும் தோடுகள். நம்மைக் கண்டதும் அது "ஹலோ" என்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். நம் பேத்தி மட்டும் சிரிக்காமல், "நன்னா, தலையில் மட்டும் ஏன் இறகு இருக்கிறது?" என்று கேட்டாள்.

அதற்கு விடை உண்டு. அந்தப் பறவை தன் இறகுகளைத் தானே பிடுங்கிக் கொண்டிருந்தது. அலகு எட்டுகிற இடமெல்லாம் வெறுமையாயிற்று. தலைக்கு அலகு எட்டாது, ஆதலால் தலை தப்பியது. சிறைப்பட்ட கிளிகள் தனிமையாலும் சலிப்பாலும் சில வேளை நோயாலும் இவ்வாறு செய்வதுண்டு. மீண்டும் மீண்டும் பிடுங்கினால் இறகின் வேர் கெட்டு, பிறகு முளைப்பதே இல்லை.

விடையைப் பேத்தியிடம் சொல்லிவிட்டோம். ஆனால் அதன் பின்னே எழுந்த வினா நம்மோடு மலையேறியது: இதற்குக் குற்றவாளி யார்?

அக்கூண்டுகளைக் காக்கும் மனிதர் கொடியவரல்லர். அவர் பறவையை அடிக்கவில்லை, வையவில்லை. "வேளைக்கு விதை போடுகிறேன், தண்ணீர் வைக்கிறேன், வேறென்ன செய்ய?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் செய்ததில் குற்றமில்லை. செய்யாமல் விட்டதில்தான் இருக்கிறது. கொடுமையை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம். அதற்குக் கையும் கோலும் உண்டு. புறக்கணிப்புக்கு உருவமில்லை, செய்தவனுக்கே அது தெரிவதில்லை.

தென் அமெரிக்கக் காடுகளுக்குரிய இக்கிளி, இணையோடும் கூட்டத்தோடும் வாழ்வது. இரை தேடி நெடுந்தொலைவு பறப்பது. அதன் அலகு வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடித்துத் தேய்க்க மரம் வேண்டும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. உயிர்ச்சத்து 'ஏ'யும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. அதையே தின்று வாழும் கிளிக்கு ஈரல் கெடும், மூச்சுக்குழலில் நோய் பற்றும். பழமும் கீரையும் காய்கறியும் அதற்கு ஆடம்பரமல்ல. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேர இருளும் அமைதியும் வேண்டும். நள்ளிரவு வரை விளக்கெரியும் சாலையோரக் கடையில் அது கிடைப்பதெங்கே?

இவற்றைவிடப் பெரியதொன்று உண்டு. இவ்வினக் கிளிகள் நல்ல பராமரிப்பில் ஐம்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியவை. நமக்கு அது இரண்டு நிமிட வேடிக்கை. கடைக்காரருக்கு இரண்டு மாதச் சுற்றுலாப் பருவம். பறவைக்கோ அது முழு ஆயுள். நாம் கண்டது ஒரு நாளின் பாசியை. அப்படி எத்தனை நாட்கள் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் துணியவில்லை.

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அதிலே நாம் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. அப்பெண் பூனையை அடித்தாள் என்று அந்த நபிமொழி கூறவில்லை. அவள் உணவும் தரவில்லை. பூமியில் தானே இரை தேடிக்கொள்ள விடவுமில்லை. அவள் மீது சுமந்த குற்றம் இவ்விரண்டுமே. படைப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் ரிஸ்க் இவ்வுலகில் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கதவை அடைப்பவன் அந்த ரிஸ்குக்குச் செல்லும் வழியையும் அடைக்கிறான். அடைத்த கணமே அவ்வுயிரின் தேவை அனைத்தும் அவன் கையில் அமானிதமாகி விடுகிறது. விதையும் நீரும் அதன் ஒரு பகுதி. பறத்தல், துணை, உறக்கம் ஆகியவை மறு பகுதி.

பறவை வளர்ப்பதே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்தபோது அதைப் பற்றி அன்போடு விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆயின், வளர்ப்பவனின் கடமை எதுவரை? கி.பி. 1262-இல் மறைந்த பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ அதனால் எப்பயனும் இல்லாமற் போனாலும் அதன் பராமரிப்புச் செலவை நிறுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. கூட்டம் வராத மாதத்திலும் கிண்ணம் கழுவப்பட வேண்டும் என்பதல்லவா இதன் பொருள்!

சட்டம் என்ன செய்கிறது என்று சிலர் கேட்கலாம். சாலையோர விலங்குக் காட்சிகளுக்குப் பேர்போன அமெரிக்காவில், காட்சிக்கு வைக்கப்படும் விலங்குகளை 1970-ஆம் ஆண்டே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். பறவைகளுக்கோ அதன்படி விதிமுறைகள் எழுத 2023 ஆயிற்று. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுக் கிளிகளுக்கோ அந்தக் காவல் இல்லை. பல அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் 2024-ஆம் ஆண்டு விதிகளாலும்தான் வந்தது.

எனினும், எந்த நாட்டு உயிராயினும் அதற்குப் போதிய உணவும் நீரும் தராமல் விடுவதும், அசைய இடமற்ற கூண்டில் அடைப்பதும் குற்றமென்று 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. முதற் குற்றத்திற்கு அது விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! நாம் ஐவர் வாயிலில் கொடுத்த கட்டணம் அதைப்போல் இரு மடங்கு. புறக்கணித்தற்குச் சட்டம் வாங்கும் விலையைவிட, புறக்கணிப்பைப் பார்ப்பதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

இங்கேதான் நம் வினா நம்மையே திரும்பிப் பார்க்கிறது. அக்கூண்டைக் கட்டியவர் அவர். அது நிலைத்திருப்பது நம் பணத்தில். அந்தக் கிளிக்கு "ஹலோ" என்று கற்பித்தது நம் சிரிப்பு. 'தாகம்' என்ற சொல்லை எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. அதைக் கேட்க எவரும் கட்டணம் கொடுக்க மாட்டார்கள். நம் மொழி பேசும் ஓர் உயிர், தன் குறையைச் சொல்ல ஒரு சொல்லின்றித் தன் உடம்பையே பிய்த்துக் காட்டுகிறது. அதைப் படித்துணர ஒரு சிறுமி வேண்டியிருந்தது.

"திறந்து விட்டால் என்ன?" என்று பேத்தி கேட்டாள். அதுவும் இரக்கமாகாது. இறகிழந்த அயல்நாட்டுப் பறவைக்கு நம் மலைக்காடு வீடல்ல. பசியும் பருந்தும் காத்திருக்கும் இடம். ஒருமுறை அடைத்தவன், திறந்துவிட்டு விலகிக்கொள்ளவும் முடியாது. இறுதிவரை நன்கு பேணுவதும், இயலாவிடில் பேண வல்லோரிடம் ஒப்படைப்பதுமே அவன் கடமை. அவருக்கும் பிழைப்பு உண்டே என்பார்கள். உண்மை. அந்தப் பிழைப்பைத் தாங்குவது அந்தப் பறவை என்பதும் உண்மை. வருவாயில் முதற்பங்கு அதற்கே உரியது.

புறப்படுமுன் கிண்ணத்தைக் கழுவித் தரச் சொன்னோம். அம்மனிதர் முகம் கோணாமல் கழுவி, புது நீர் நிரப்பி வைத்தார். கிளி உடனே இறங்கி வந்து நெடுநேரம் குடித்தது. அவ்வளவு நேரமும் அது ஒரு வார்த்தை பேசவில்லை.

அது ஒரு நாள் கடன். மறுநாள் கடனை யார் தீர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. இனி இத்தகைய வாயில்களில் பணத்தை எடுக்குமுன் கிண்ணத்தைப் பார்ப்பது என்று நம் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பாசி படர்ந்திருந்தால் உள்ளே செல்வதில்லை. காரணத்தை உரியவரிடம் நேரில் சொல்வது. திருந்தாவிடில் வனத்துறைக்கு எழுதுவது. சிறு செயல்தான். ஆனால் அந்தப் பூனையின் வீட்டு வாயிலைக் கடந்து எத்தனை பேர் போயிருப்பார்கள்? அவர்களுள் ஒருவரேனும் நின்று உள்ளே பார்த்திருக்கலாகாதா?