பறவையை விரட்டுவது இம்சையாகுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'கேம்பர்' என வழங்கும் வண்டி வீடுகள் மிகுதி. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, நீர்த்தொட்டி அனைத்தும் உள்ளே அமைந்த ஊர்தி அது. சில வகை தாமே ஓடும். சில வகையைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ உள்ள முகாம் திடலில் நிறுத்திச் சில நாள் தங்கி மீள்வர். ஆண்டின் பெரும்பகுதி அவ்வண்டி வீட்டு முற்றத்தில் அசையாது நிற்கும். அந்நாட்டில் பணி நிமித்தம் குடியேறிய நம் குடும்பத்தாரிடையே இவ்வண்டி பற்றி எழும் ஐயம் ஒன்று, நம் அறநூல் வழிநின்று ஆராயத் தக்கது.

வண்டி நின்ற இடத்தில் பறவைகள் வந்து சேர்கின்றன. பக்கக் கண்ணாடியைக் கொத்துகின்றன. வெயில் மறைப்பின் மடிப்பிலும் காற்றுத் துளையிலும் கூடு கட்டுகின்றன. கூரையில் எச்சமிடுகின்றன. மேசைமேல் வைத்த ரொட்டியைக் கவர்ந்து பறக்கின்றன. கொல்வது பற்றிய பேச்சே நமக்கு இல்லை. விரட்டலாமா என்பதே வினா.

இதற்கு இரு விடைகள் எளிதில் கிடைக்கும். "கொல்லவில்லையே, பின் ஏது பாவம்?" என்பது ஒன்று. "அவற்றின் போக்கில் விட்டுவிடு, கை வைத்தால் வினை சேரும்" என்பது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் உழைப்பைத் தவிர்க்கச் சொல்லும் விடைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிர் பிரிவதை மட்டும் கூறினாரல்லர். கவனக்குறைவும் கஷாயமும் கலந்த மன, மொழி, மெய்த் தொழிலால் பிராணன்களுக்கு ஊறு விளைப்பதே இம்சை என்றார். பிராணன்கள் பத்து: ஐம்பொறிகள், மனவலி, மொழிவலி, மெய்வலி, மூச்சு, ஆயுள். பறவை ஐம்பொறியுடன் மனமும் வாய்த்த உயிராதலின் பத்தும் அதற்கு உண்டு. எனவே அஞ்சி நடுங்கச் செய்வதும் ஊறே. அதே வேளை, நம் கவனமின்மையால் அதற்குத் துன்பம் நேர்வதைக் கண்டும் வாளாவிருப்பது, "நான் ஒன்றும் செய்யவில்லை" என்ற சொல்லால் கழுவப்படுவதன்று.

முதலில் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். செந்நிறக் கார்டினல், மார்பு சிவந்த ராபின், மாக்கிங்பேர்டு முதலிய பறவைகள் இளவேனிலில் இணை சேர்ந்து தமக்கென எல்லை வகுத்துக்கொள்ளும். தன் இனத்துப் பிறிதொரு பறவை அவ்வெல்லைக்குள் புகுந்தால் துரத்தும். வண்டியின் பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தைக் காணும் பறவை, அத்துமீறி வந்த பகை என்று அதனைக் கருதிப் பாய்கிறது. எதிர் உருவும் பாய்கிறது. இது அலகை ஓங்கினால் அதுவும் ஓங்குகிறது. மெய்யான பகையாயின் ஒன்று தோற்று ஓடும், பூசல் முடியும். நிழல் தோற்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை. ஆகவே விடியல் தொடங்கி, நாள்தோறும், சில வேளைகளில் வாரக்கணக்கில் இப்போர் நீள்கிறது. இரை தேடும் பொழுதும், குஞ்சுக்கு ஊட்டும் பொழுதும் இதில் கழிகின்றன. அலகில் காயம் படுவதும் உண்டு. கண்ணாடியில் தெரிவது தானே என்று அறியும் ஆற்றல் பறவைகளுள் அரிது. மேக்பை என்னும் காக்கைக் குடும்பப் பறவைகள் சில, தம் கழுத்தடியில் ஒட்டிய வண்ணப் பொட்டைக் கண்ணாடியில் கண்டு அகற்ற முயன்றன என்று 2008-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. கார்டினலுக்கும் ராபினுக்கும் அவ்வறிவு இல்லை.

இங்கே நம் யசோதர காவியம் நினைவுக்கு வருகிறது. தீக்கனாக் கண்ட யசோதர மன்னன், உயிர்ப்பலி இட மறுத்தான். தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியைத் தேவியின் முன் வெட்டினான். குருதி சிந்தவில்லை, எவ்வுயிரும் போகவில்லை. எனினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, கோழிகளாகவும் பிறந்து மடிந்த பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மானிடப் பிறப்பை எய்தினர். வெட்டுண்டது மாவே ஆயினும் வெட்டும் எண்ணம் மெய் என்பது அக்கதையின் உயிர்நாடி. கண்ணாடியைக் கொத்தும் பறவைக்கும் இது பொருந்துகிறது. அங்கே பகைவன் பொய், குரோதம் மெய். விலங்கு கதியில் உழலும் அவ்வுயிருக்கு நாம் நிறுத்தி வைத்த கண்ணாடி, ஓயாத குரோதத்திற்கு ஒரு கருவியாக அமைந்துவிடுகிறது.

இந்நிலையில் "அது அதன் வினைப்பயன்" என்று தேநீர் அருந்திக்கொண்டு பார்த்திருப்பதை அஹிம்சை என்று சொல்ல நான் உடன்படேன். கண்ணாடி நம்முடையது; அங்கே கொண்டு நிறுத்தியவரும் நாமே. பரிகாரமோ மிக எளிது. பழைய துணிப்பையோ காலுறையோ கொண்டு பக்கக் கண்ணாடியை மூடிக் கட்டினால் பகைவன் மறைவான். பறவை தன் வேலைக்குத் திரும்பும். மடங்கும் கண்ணாடியாயின் மடக்கி வைக்கலாம். சன்னலாயின் வெளிப்புறத்தில் சோப்புக் கரைசலைப் பூசலாம். உட்புறத் திரையை இழுத்து மூடுவதால் பயனில்லை. உள்ளே இருள, வெளியே உருவம் மேலும் தெளிவாகும்.

கூடு பற்றிய வினா இதனினும் கடியது.

முற்றத்தில் நிற்கும் வண்டியில் ராபினோ, ரென் என்னும் சிறு குருவியோ, மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் தகைவிலானோ குடியேறுகிறது. சூன் மாதம் புறப்பட வேண்டும். அலுவலகத்தில் விடுப்பு வாங்கியாயிற்று. முகாம் திடலுக்கு முன்பணம் கட்டியாயிற்று. புறப்படும் முன் காற்றுத் துளையைத் திறந்தால் உள்ளே நான்கு முட்டைகள். என் செய்வது?

அந்நாட்டுச் சட்டம் ஒரு விடை தருகிறது. 1918-ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவை ஒப்பந்தச் சட்டத்தின்படி 1,000-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் காக்கப்படுகின்றன. அவற்றின் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை உரிமமின்றி அழித்தல் குற்றம். நம் நூல்களோ சட்டத்தினும் நுண்ணிதாகச் செல்கின்றன. கொல்லாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களை நம்மவர் அறிவர்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகு பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நம் அருங்கலச்செப்பு முதலிய சாவகர் நூல்கள் இவற்றை வலியுறுத்துவன. பண்டு இவை மாட்டையும் குதிரையையும் நோக்கிச் சொல்லப்பட்டன என்று நாம் எண்ணிக் கடந்துவிடுகிறோம். குஞ்சுகள் உள்ளிருக்கத் துளையை அடைத்துவிட்டால், வெளியே இரையோடு நிற்கும் தாய்க்கும் உள்ளே வாய் திறந்திருக்கும் குஞ்சுக்கும் இடையே நாம் நிறுத்துவது அந்த ஐந்தாம் அதிசாரமே. ஒட்டும் பசை பூசிய தட்டில் பறவையின் காலைச் சிக்கவைப்பது முதல் அதிசாரம். சிக்கிய கால் முறியுமாயின் மூன்றாவதும் உடன் சேரும்.

கூட்டோடு பெயர்த்து அருகிலுள்ள மரத்தில் வைத்துவிடலாகாதா என்பர். தாய்ப்பறவை பெரும்பாலும் தேடி வருவது கூடு இருந்த இடத்தையே. இடம் மாறிய கூட்டைக் காணாது விட்டுவிடின் முட்டைகள் குளிர்ந்துபோகும்.

ராபினுக்கு அடைகாக்கும் காலம் ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சு கூட்டை விட்டு வெளியேற மேலும் இரண்டு வாரம். தகைவிலானுக்கு இன்னும் ஒரு வாரம் கூடும். ஆக நான்கு அல்லது ஐந்து வாரப் பொறுமையே இங்கு வேண்டப்படுவது. மழைக்காலத்தில் வழியெங்கும் சிற்றுயிர்கள் பெருகுவதால் நம் முனிவர்கள் நான்கு மாதம் ஓரிடத்தே தங்குவதைக் காண்கிறோம். அவர்களை வணங்கி, ஆகாரம் அளித்துப் புண்ணியம் தேடுகிறோம். துறவியர் நான்கு மாதம் நடையை நிறுத்துகையில், சாவகன் நான்கு வாரம் சக்கரத்தை நிறுத்தல் இயலாததா? முன்பணம் போகும், பிள்ளைகள் முகம் வாடும், அவ்வளவே. விரதம் என்பதற்கு எப்பொழுதும் ஒரு விலை உண்டு. விலையின்றிக் கைக்கொள்வதை வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்குக் கருத வேண்டும். அந்நாட்டில் வண்டி வீட்டையே நிலையான இல்லமாகக் கொண்டு, வேலை கிடைக்கும் ஊர்தோறும் பெயர்ந்து வாழ்வோரும் உளர். அவர்க்குப் பயணம் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. இல்லறத்தார்க்கு வாழ்க்கைத் தேவையாலும் தொழிலாலும் நேரும் இம்சையை, வேண்டுமென்றே புரியும் இம்சையினின்று நம் ஆசாரியர்கள் பிரித்தே வைத்தனர். அத்தகையோர் புறப்படத்தான் வேண்டுமெனில், முதலில் உரிமம் பெற்ற வனவுயிர்ப் பராமரிப்பாளரை அழைத்து வழி கேட்பது கடமை. விடுமுறைக்குச் செல்வோர் இச்சலுகையைத் தமக்கும் நீட்டிக்கொள்ளலாகாது. பயனற்ற செயலால் உயிர்க்கு ஊறு விளைப்பதை அநர்த்ததண்டம் என்று தனியே பெயரிட்டுக் கடிந்துள்ளனர் அன்றோ.

அச்சுறுத்தும் கருவிகள் பலவும் அங்குக் கடைகளில் கிடைக்கின்றன. நெகிழி ஆந்தை, காற்றில் மின்னும் நாடா, பருந்தின் குரலை ஒலிக்கும் பெட்டி. நான்கு தானங்களுள் அபயதானத்தைத் தலையாயதாகப் போற்றும் நாம், அச்சத்தை விலைக்கு வாங்கி நிறுத்துவது பொருந்துமா? கூடு கட்டத் தொடங்கும் முன் மின்னும் நாடாவைக் கட்டி "இங்கே வேண்டா" என்று உணர்த்துவதில் பெரும் குற்றம் காண்கிலேன். அப்பறவைக்கு வேறிடம் தேடக் காலம் இருக்கிறது. முட்டையிட்ட பின் அதே நாடா தாயைக் கூட்டினின்று பிரிக்கும் கருவியாகிறது. பொருள் ஒன்றே, காலம் மாறக் குற்றமும் மாறுகிறது. நெகிழி ஆந்தையைப் பொறுத்தவரை கவலை வேண்டுவதில்லை. அது அசையாதென்பதைச் சில நாளில் அறிந்துகொண்டு பறவைகள் அதன் தலைமேலேயே அமர்கின்றன!

இனி உணவு. பறவைக்குத் தானியம் இறைப்பதை அறமெனக் கொண்ட நமக்கு, "உணவிடாதே" என்னும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் கட்டளை கொடியதாகத் தோன்றலாம். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் நிகழ்வதை அறிந்தால் எண்ணம் மாறும். மார்பிள்ட் மரலெட் என்னும் சிறு கடற்பறவை, கடலில் இரை தேடினும், முட்டையிடுவது அக்காட்டு முதுமரங்களின் பாசி படர்ந்த கிளைகளில். ஒரு பருவத்தில் இடுவது ஒரே முட்டை. 1992-இல் அப்பகுதியில் அது அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. முகாமில் சிந்தும் ரொட்டித் துகளையும் கடலையையும் உண்டு பெருகும் நீலநிற ஸ்டெல்லர் ஜே பறவைகள், அம்முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்கின்றன. மேசையில் சிந்திய ஒரு பிடி உணவு, மரவுச்சியில் காணாத ஓர் உயிரின் மேல் சென்று விழுகிறது. ஆகவே அங்கு மேசையைத் துகளின்றித் துடைத்து, உணவை மூடி வைப்பதே கருணை. விரட்ட வேண்டிய தேவையும் அதனாலேயே பெரிதும் நீங்கும். 2025-இல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனியிடும் இடம் மூடப்பட்டபோது நம் சமயத்தார் பலர் கொதித்தனர். புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வருமென்பது மருத்துவர் கூற்று. தானம் செய்வோன் அதன் பின்விளைவையும் ஆராயக் கடமைப்பட்டவன் என்பதை அக்கொதிப்பில் நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு சிக்கல். சட்டம் காப்பது அம்மண்ணுக்குரிய பறவைகளை மட்டுமே. வீட்டுச் சிட்டுக்குருவி 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட அயற்பறவை. அதன் கூட்டையும் முட்டையையும் அழிக்க அங்குத் தடையில்லை. உலகச் சிட்டுக்குருவி நாளென 2010 முதல் மார்ச் 20-ஆம் நாளைக் கொண்டாடி, குருவி குறைந்ததே என்று நாம் இங்கு மரப்பெட்டி தொங்கவிடும் அதே இனந்தான் அது. நீலப்பறவையின் கூட்டைச் சிட்டுக்குருவி பறித்துக் குஞ்சைக் கொத்திக் கொல்கிறது. ஆகவே அதனை ஒழிப்பதே கருணை என்று அந்நாட்டுப் பறவை ஆர்வலர் பலர் வாதிடுவர். வாதம் புதியதன்று. பல உயிரைக் கொல்லும் ஓருயிரைக் கொன்றால் பல உயிர் பிழைக்குமே என்னும் எண்ணத்தை அமிருதசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் எடுத்துரைத்து மறுத்துள்ளார். கொடிய உயிராயினும் அந்நோக்கில் கொல்லலாகாது என்பதே அவர் முடிபு. நீலப்பறவையின் இழப்பு சிறிதென்று இதற்குப் பொருளன்று. அவ்விழப்பைத் தடுக்கும் கருவியாகக் கொலையை நாம் கைக்கொள்வதற்கில்லை என்பதே பொருள்.

ஆகவே சிட்டுக்குருவியாயினும் ராபினாயினும் செய்ய வேண்டுவது ஒன்றே. பனி நீங்கும் முன், பிப்ரவரித் திங்களிலேயே, வண்டியின் காற்றுத் துளைகளைக் கைவிளக்கால் பார்த்து, உள்ளே எவ்வுயிரும் இல்லையென உறுதி செய்துகொண்டு, காற்றுப் போக்கு தடைபடாதவாறு அரை அங்குலக் கண்ணுடைய கம்பி வலையை இழுத்துக் கட்டுதல் வேண்டும். தளர்ந்த வலையில் சிறகு சிக்கும். ஆதலின் விளிம்புகளை இறுக்கமாகப் பொருத்துக. எச்சத்தைத் துடைக்குமுன் நீரால் நனைத்துக்கொள்க. உலர்ந்த தூள் மூச்சுக்குக் கேடு. வலை கட்ட மறந்து, முட்டை இட்டுவிட்டதாயின், நாட்காட்டியில் ஐந்து வாரத்தை எண்ணிக் குறித்துவிட்டு, அப்பக்கத்துக் கதவைத் திறவாதிருக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம்.