கடைசி இருக்கை வரை

நண்பர்களே, ஒரு கேள்வி. சட்டம் சொல்கிறது என்பதற்காக ஒருவர் நல்லது செய்தால் அது அறமா, இல்லை தண்டனைக்குப் பயமா? பொறியியல் படிக்கிற எனக்கு இந்தக் கேள்வி வகுப்பறையில் வரவில்லை. என் மாமாவின் ஸ்கூல் பஸ்ஸில் வந்தது.

மாமா கிள்ளானில் 22 வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். போன செமஸ்டர் விடுமுறையில், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா லீவு எடுத்ததால் இரண்டு வாரம் நான் உதவிக்குப் போனேன். பி.எஸ்.வி. லைசென்ஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை, 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் என்று முதல் நாளே பாடம் நடத்தினார். "41வது பிரிவு ஆபத்தா ஓட்டி உயிர் போனா. 43வது பிரிவு கவனக்குறைவா ஓட்டினா. தெரிஞ்சிக்கடா," என்றார்.

நாலாவது நாள் காலை. நல்ல மழை. பள்ளி கேட்டில் ஒரே நெரிசல். பிள்ளைகளைக் குடை பிடித்து இறக்கிவிட்டு, கதவருகில் நின்றபடி பின்னால் ஒரு பார்வை பார்த்தேன். எல்லா இருக்கையும் காலி. "எல்லாரும் இறங்கியாச்சு மாமா," என்றேன்.

பஸ்ஸை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். பதில் பேசாமல் எழுந்து, வலிக்கிற முட்டியோடு ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனார். கடைசி வரிசையில் நின்றார். "அம்மாடி, எந்திரி. பள்ளிக்கூடம் வந்திருச்சு."

முதலாம் ஆண்டுப் பிள்ளை. பையைக் கட்டிப்பிடித்துச் சுருண்டு தூங்கியதால் முன்னால் இருந்து தலை தெரியவில்லை. அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த பஸ் மதியம் வரை வெயிலில் பூட்டித்தான் நிற்கும். மூடிய காரில் முதல் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். தென்கொரியாவில் 2018ல், பாலர் பள்ளி வேனில் மறந்து விடப்பட்ட 4 வயதுக் குழந்தை இறந்தது. அடுத்த வருஷமே சட்டம் வந்தது: வண்டியின் பின்பக்கத்தில் ஒரு பொத்தான். இன்ஜினை நிறுத்திய பிறகு ஓட்டுநர் அங்கே போய் அதை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கை ஒலி. ஜப்பானில் 2022ல் 3 வயதுச் சிறுமி அதே மாதிரி இறந்தாள். 2023 ஏப்ரலில் அங்கேயும் இத்தகைய கருவி கட்டாயமானது.

அதையே என் புரொஜெக்ட்டாகச் செய்யலாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "22 வருஷமா எந்த மணி அடிச்சு நான் பின்னால போனேன்? மனசுல இருக்கணும்டா. மெஷினுக்குப் பயந்து செஞ்சா அது என்ன கடமை?"

முதலில் அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன். தர்மம் உள்ளிருந்து வர வேண்டும் என்றுதானே நாமும் வகுப்புகளில் பேசுகிறோம்? ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று என் மனசில் என்ன குறை? பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம் உண்டு. சோம்பலும் இல்லை, மழையில் நனைந்து வேலை செய்தேன். அப்படியும் தவறவிட்டேன். நல்ல மனசு தானாக இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்காது.

ஜப்பான் சம்பவத்தில் அன்று பஸ்ஸை ஓட்டியவர் வழக்கமான ஓட்டுநர் இல்லை. அவர் வராததால் பாலர் பள்ளித் தலைவரே ஓட்டினார். இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ அந்த பொத்தான் எனக்கு இல்ல. எனக்குப் பதிலா வர்றவனுக்கு," என்றார்.

"அன்னைக்கு வந்தது நான்தானே மாமா," என்றேன்.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். சட்டம் நல்லவர்களைச் சந்தேகிப்பதற்காக மட்டும் எழுதப்படுவதில்லை. நல்லவர்களுக்கும் மழை நாள் வரும், காய்ச்சல் வரும், அவசரம் வரும். அந்த நாளுக்காகவும் அது எழுதப்படுகிறது. தூங்குகிற குழந்தைக்கு, ஓட்டுநர் பாசத்தில் வந்தாரா, பயத்தில் வந்தாரா என்பது முக்கியமில்லை. வந்தாரா என்பதுதான் முக்கியம்.

ஆனால் மாமா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டு, எந்த இருக்கையையும் பார்க்காமல் திரும்பி வருவதும் முடியும். சட்டம் நம் காலைக் கடைசி இருக்கை வரை நடத்திக் கூட்டிப் போகும். அங்கே கண்ணைத் திறந்து பார்ப்பது நம் வேலை. அந்த இடத்தில்தான் அறம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

நாமும் முகாமுக்கும் திருமுறைப் போட்டிக்கும் பிள்ளைகளை பஸ் ஏற்றிக் கூட்டிப் போகிறவர்கள்தான். அடுத்த முறை, "எல்லாரும் இறங்கியாச்சு" என்று சொல்வதற்கு முன்னால், தயவு செய்து ஒருவர் கடைசி இருக்கை வரை நடந்து போய் வாருங்கள். நான் இப்போது போகிறேன்.