முலாமும் பொய்யும்

அடகுக்குப் போன சங்கிலிக்குப் பதிலாகப் பொன் முலாம் பூசியதொன்றை அணிந்து கலியாண வீட்டுக்குச் செல்கிறாள் ஓர் ஏழைத் தாய். அவள் பொய் சொல்கிறாளா?

பித்தளையைப் பொன்னென்று விற்பவன் பொய்யன், ஐயமில்லை. பணங் கொடுத்து வாங்குபவனுக்கு உண்மையை அறியும் உரிமையுண்டு. பந்தலில் அவள் கழுத்தை நிறுக்கும் கண்களுக்கு அவ்வுரிமையை வழங்கியவர் யார்?

‘சுத்தத் தங்கம்’ என நாம் போற்றுவதும் கலப்பே. தனிப்பொன் மென்மையானது; எளிதில் வளையும், தேயும். ஆகவே, 22 கரட் நகையின் 24 பங்கில் 2 பங்கு செம்பு, வெள்ளி முதலிய பிற உலோகங்களாகும். நாளாந்தம் உழைக்கும் கைக்கு 18 கரட் இன்னும் உறுதியானது. முலாமோ வியர்வையிலும் உராய்விலும் தேய்ந்துவிடும். அடியுலோகத்தில் நிக்கல் இருப்பின் சிலரது தோல் அரிக்கும். இவற்றை ஆராய்ந்து தெரிவது அறிவுடைமை. ஆயினும், உலோகத்தின் குறையை அணிந்தவளின் ஒழுக்கக் குறையாக்குதல் அநீதி.

மனிதரைப் பவுண் கணக்கில் மதிக்கும் சமுதாயமே முதற் பொய்யைச் சொல்கிறது. அவள் சங்கிலி அதற்கு அளித்த மறுமொழி. எனினும், அம்மறுமொழியும் அந்த அளவுகோலுக்குப் பணிந்துவிடுகிறது. அருகிலிருக்கும் இன்னொருத்தியின் வெறுங்கழுத்து அதனால் மேலும் வெறுமையாகத் தெரிகிறது. அவளைக் குறைகூறுமுன், வெறுங்கழுத்தோடு வருபவளுக்கும் முன்வரிசையில் இடமளிக்க நாம் பழகுவோமாக.